தறிச் சத்தத்துக்கு மேல் ஒரு குருவி

1990 ஜூன் 11, திங்கட்கிழமை. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் என்பதால் தேதி தப்பாது. காலை எட்டு மணிக்கு அம்மா இரவு ஷிப்டு முடிந்து பட்டறையிலிருந்து வந்தாள். வழக்கம்போலத் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. வழக்கம்போல வாசல் தொட்டியில் முகம் கழுவி, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்து, எனக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி, "பாத்துப் போ சாமி" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என்று மதியத்தோடு விட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். அவள் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அது கத்தியது.

அதைக் குருவிச் சத்தம் என்று பெல் வந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். எந்த நாட்டுக் குருவியும் அப்படிக் கத்தியதில்லை. தகரத்தில் ஆணியால் கீறினாற்போல ஒரு கீச்சு, பிறகு அதையே விடாமல் மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஏழெட்டுக் கீச்சுகள், கடைசியில் மூச்சு முட்டியது போன்ற ஒரு நடுக்கம். அம்மாவின் தோள் தூக்கிப் போட்டது. "காத்தாலருந்து இதுதான்" என்றாள்.

எங்கள் வீடு குமாரபாளையத்தில், ஒரு விசைத்தறி முதலாளியின் வளாகத்துக்குள் இருந்த லைன் வீடுகளில் ஒன்று. தெருவைப் பார்த்து முதலாளியின் மாடி வீடு. வளாகத்தின் கடைசியில் தறிப் பட்டறை. மாடி வீட்டின் பின்சுவரை ஒட்டி, ஒருவர் ஒதுங்கி நின்றால் இன்னொருவர் போகலாம் என்ற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்து வரிசையாக எங்கள் ஒற்றை அறை வீடுகள். பட்டறையில் தறி ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமே அங்கே வீடு. அப்பா லாரியில் கிளீனராக வடக்கே போய்வந்து கொண்டிருந்தார். மாதத்தில் சில நாள்தான் அவர் முகம் தெரியும். ஆகவே வீடு என்பது அம்மா பாவாயியும் நானும்தான்.

தறி ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரவு பகல் என்று பாராமல் ஓடும் தறிச் சத்தம் எங்கள் காதுக்குச் சத்தமாகவே படாது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை அதில்தான் தூங்கும். எங்களை எழுப்புவது சத்தம் அல்ல, சத்தம் நிற்பது. மின்சாரம் போய் தறிகள் சட்டென்று நின்றால், லைனில் உள்ள கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீரிட்டு அழும். பகலில் தூங்கும் ஷிப்டு ஆட்கள் எழுந்து உட்கார்ந்து "கரண்டு போச்சா" என்பார்கள். அம்மாவும் அப்படித்தான். பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையாதவள் என்று லைனில் அவளுக்குப் பேர்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் முதலாளி அந்த "குருவி பெல்"லை வாங்கிவந்து மாட்டினார். வாசல் கேட்டில் ஒரு வெள்ளைப் பொத்தான். கத்துகிற பெட்டியை, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கூடத்தில் அல்லவா வைப்பார்கள்? அவர் சமையலறைப் பின்சுவரின் வெளிப்பக்கத்தில், சன்னலுக்கு மேலே மாட்டச் சொன்னார். முதலாளியம்மா சரஸ்வதி பகல் முழுவதும் சமையலறையில் இருப்பார், அவருக்குக் கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். கூடத்துச் சுவருக்குப் புதிதாக டிஸ்டெம்பர் அடித்திருந்ததால் அதில் ஆணி அடிக்கக் கூடாது என்பது உண்மையான காரணம். அதே டிஸ்டெம்பரைக் காப்பாற்ற, வீட்டு மின்சாரத்திலிருந்து வயர் இழுக்காமல் பட்டறை மெயினிலிருந்தே இழுத்துக் கொடுத்தார்கள். ஒரு சுவரின் வண்ணத்துக்கு அவர்கள் காட்டிய இந்தக் கரிசனத்தைப் பின்னால் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் முழு அழகும் தெரியும்.

சத்தத்தை எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்த விதத்தை அம்மா பார்த்திருக்கிறாள். தூங்க விடாமல் அவளை எழுப்பியதே அந்தக் கூத்துதான். பெட்டியின் பின்பக்கம் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு இருந்தது. முதலாளி வாசலில் நின்று பொத்தானை அழுத்துவார். வயர்மேன் ஸ்டூலில் ஏறி டெஸ்டரால் திருகைத் திருப்புவார். அடுப்படியிலிருந்து சரஸ்வதியம்மா, தாளிப்புச் சத்தத்துக்கும் தறிச் சத்தத்துக்கும் மேலாக, "கேக்கலீங்... இன்னுங் கேக்கலீங்..." என்று கத்துவார். திருகு இனித் திரும்பாது என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் "ஆங், இப்பக் கேக்குதுங்" என்ற தீர்ப்பு வந்தது. சன்னலுக்கு உள்ளே, கதவடைத்து, எண்ணெய் காயும் சட்டியின் முன்னால் நின்ற ஒருத்திக்குக் கேட்ட அளவு அது. சன்னலுக்கு வெளியே, பெட்டியின் வாய்க்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் எங்கள் வீட்டு நிலைப்படி இருந்தது.

அந்த வீட்டுக்கு பெல் அடித்து வருகிறவர்கள் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால், யாரும் இல்லை என்பதுதான் பதில். அதனால் அவர்களே அடித்துக்கொண்டார்கள். எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்து திரும்பும் முதலாளி, திறந்து கிடக்கும் தன் வீட்டுக் கதவின் முன்னால் நின்று பெல் அடித்துவிட்டு உள்ளே போவார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகும்போது ஒரு முறை, வந்தபின் ஒரு முறை. அதுவரை "பாலுங்கோ" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஊற்றிப் போன பால்காரர், இனிமேல் பெல் அடித்துத்தான் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. உறவினரை எங்கள் பக்கம் "ஒரம்பரை" என்போம், ஒரம்பரை வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "பெல் அடிச்சீங்களா? அடிக்கலையா? அட, போய் ஒருக்கா அடிச்சுப்போட்டு வாங்க" என்று எழுப்பி வாசலுக்கு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். வேட்டி கட்டிய பெரிய மனிதர், அவரும் போனார், அடித்தார், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அற்பத்தனத்துக்கு வீடு கொடுப்பவர் மட்டும் இருந்தால் போதாது. அதில் வந்து உட்காருகிறவர்களும் வேண்டும்.

நாங்கள் மட்டும் அதைத் தொட்டதில்லை. லைன்காரர்கள் முதலாளி வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போவதில்லை. சந்து வழியாகப் போய், சமையலறைக் கதவருகே நின்று, "அக்கா" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாரும் இப்படிச் சட்டம் போட்டதாக நினைவில்லை. சட்டம் போடத் தேவையில்லாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

அம்மா பொறுத்துப் பார்த்தாள். காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தாள். பட்டறையில் பஞ்சுக்கா குறைச்சல்? தலைமாட்டை மாற்றிப் படுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண் அயரும், கத்தும், எழுந்து உட்காருவாள். அந்த வாரக் கடைசியில் சந்து வழியாகப் போய்ச் சமையலறைக் கதவருகே நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க்கா, அந்தப் பெல்லுச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வெக்க முடியுங்களா? பகல்ல கண்ண மூட முடியறதில்லீங்க."

சரஸ்வதியம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். கோபமில்லை, வேடிக்கை பார்க்கிற முகம்தான்.

"ஏண்டி பாவாயி, இத்தன தறி ஓடற சத்தத்துல கொறட்டை உட்டுத் தூங்கறவ நீ. இந்தத் துளிக் குருவி கத்தறது உனக்குக் கேக்குதாக்கும்?"

"கேக்குதுங்க்கா."

"கேக்கோணும்னுதானே வெச்சிருக்குது. கேக்கலைன்னா அப்பறம் அதுக்குப் பேரு பெல்லா?"

சந்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பழனியக்கா, முதலாளியம்மா காதில் விழட்டும் என்றே, "பாவாயிக்குக் காது மட்டும் ஜமீந்தாரூட்டுக் காதுங்க்கா" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்தப் பழனியக்காவின் புருஷனும் இரவு ஷிப்டுதான். அவரும் பகலில் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தார்தான். முதலாளியம்மாவோடு சேர்ந்து சிரிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்போது புருஷனின் தூக்கமெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியும்?

அந்தக் கேள்வியை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்: தறிச் சத்தத்தில் தூங்குகிறவளுக்குக் குருவிச் சத்தம் எப்படிக் கேட்கும்? கேட்டவர் முட்டாள் அல்ல. தன் வீட்டில் ஈயம் பூசிய பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தே பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லக்கூடியவர். சீரான சத்தம் வேறு, திடீரென்று குத்துகிற சத்தம் வேறு என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தறிக்காரிக்கும் அந்த வித்தியாசம் உண்டு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. தறிக்காரியின் காது என்பது அவர் கணக்கில் ஏற்கனவே செலவழிந்துபோன பொருள்.

தூக்கம் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற, இரண்டு முனையிலும் இரும்புப் பூண் போட்ட மரக்கட்டைக்கு "நாடா" என்று பேர். ஓடுகிற தறியிலிருந்து அது தடம் மாறிப் பறந்தால் முன்னால் நிற்கிறவர் முகம்தான் அதற்கு இலக்கு. அம்மாவுக்கு அடுத்த தறி மாரப்பண்ணனுடையது. அவருடைய இடது புருவம் இரண்டாகப் பிளந்து சேர்ந்திருக்கும். "அன்னைக்கு நான் முழிச்சிருந்தேன், அதனால கண்ணு தப்புச்சு" என்பார். அம்மா ஒரே நேரத்தில் நாலு தறி பார்த்தாள். எந்தத் தறியில் நூல் தீர்கிறது, எந்தப் பாவில் இழை அறுந்தது என்று கண் நாலு பக்கமும் ஓட வேண்டும். பகலில் தூங்காத கண் அப்படி ஓடாது.

ஆடி மாதம் பிறந்தபின் ஒரு காலையில் அம்மா வலது கையைக் கழிவுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். நின்றபடி ஒரு கணம் கண் செருகியதாம். கை போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. நடுவிரல் நகம் கறுத்து, சில நாளில் கழன்று விழுந்தது. முதலாளி பார்த்தார். "ராத்திரி வேலைக்கு வாரியா, தூங்க வாரியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், திரும்பி வந்து, பெல் அடித்து வீட்டுக்குள் போனார். அம்மா விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்தபடி நின்றாள். "அடுத்த தடவ நகத்தோட போவாது" என்றாள், என்னிடம் அல்ல.

அன்று சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் அம்மா இல்லை, பாயும் இல்லை. தேடிப் போனால், பட்டறைக்குள், நூல் மூட்டைகள் அடுக்கிய மூலையில், ஓடுகிற தறிகளுக்கு நடுவே பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தரை அதிர்ந்தது. பஞ்சு பறந்து வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வளாகத்திலேயே குருவி கேட்காத ஓர் இடம் அதுதான். தூங்க வேண்டுமானால் இருப்பதிலேயே அதிகச் சத்தமுள்ள இடத்துக்குப் போய் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. பகல் ஷிப்டுக்காரர்கள் அவளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். 

இரண்டு வாரம்போல நன்றாகத் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை குறைந்தது. முதலாளி இதைத் தடுக்கவில்லை. தடுக்காததோடு, அதில் தனக்கு ஒரு பெருமையையும் கண்டுபிடித்துவிட்டார். ஈரோட்டிலிருந்து துணி எடுக்க வந்தவரிடம், "எம் பட்டறைல ஆளுங்க அவிங்க ஊடு மாதிரி படுத்துத் தூங்குவாங்க. நான் ஒண்ணுஞ் சொல்றதில்ல" என்று சொன்னதை மாரப்பண்ணன் கேட்டிருக்கிறார். தன் பெல்லால் வீட்டை விட்டு விரட்டப்பட்டவளைக் காட்டி, தன் தாராள மனதுக்குச் சாட்சி சொல்ல வைக்க ஒருவருக்கு எத்தனை தடித்த தோல் வேண்டும்!

ஆடிப் பதினெட்டுக்கு இராசிபுரத்திலிருந்து சரஸ்வதியம்மாவின் அண்ணி வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், மூலையில் பாயைப் பார்த்து, "இதென்ன அம்மிணி, சத்திரமா? பொம்பள இப்படி நாலு பேரு நடக்கற எடத்துல படுத்துக் கெடக்கறா?" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சரஸ்வதியம்மா சமையலறைக் கதவருகே நின்று எங்கள் வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஊடு எதுக்குக் குடுத்திருக்குது? ஊட்ல படு. நாளைக்கு நாலு பேரு எங்களத்தான் பேசுவாங்க."

பேசுவார்களாம். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கவலையில் ஊறிய வீடு அது. ஒரு பெண் தூங்குகிறாளா என்பது பேச்சில் வராது; எங்கே தூங்குகிறாள் என்பதுதான் வரும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாளிலிருந்து பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தை அந்த நாட்களில் நான் பார்க்கவே பயந்தேன். பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் மாரப்பண்ணனின் புருவம் அம்மாவின் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுவதும் தறி ஓடாது. முதலாளி காலையிலேயே பட்டறை மெயினை இறக்கிவிடுவார். பெல்லுக்கும் அதே மெயின் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே தறி நின்றால் பெல்லும் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தை அந்த வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை: தங்கள் பெல்லைத் தறிச் சத்தம் இல்லாமல் அவர்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. சத்தத்தை வைத்தது தறி ஓடும்போது. கேட்டதெல்லாம் தறி ஓடும்போது. அது உண்மையில் எவ்வளவு சத்தம் என்பது அதை வாங்கியவர்களுக்கே தெரியாது.

ஞாயிறு மதியம் தறிக்காரர்கள் முறைவைத்துப் பட்டறையைக் கூட்டி, தறிகளுக்கு எண்ணெய் போட வேண்டும். ஆவணி முதல் ஞாயிறு அம்மாவின் முறை. நானும் கூடப் போனேன். மூலைகளில் இருட்டு, விளக்கு வேண்டும் என்று அம்மா மெயினை ஏற்றினாள். அதில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். கூட்டினாள், எண்ணெய் போட்டாள், விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். மெயினை இறக்கவில்லை. சேலையை உதறி, முந்தானையை இழுத்துச் செருகி, "வா சாமி" என்றாள். சந்துப் பக்கம் திரும்பாமல், வளாகத்தின் பக்கக் கேட்டைத் திறந்து, தெருவைச் சுற்றி நடந்து, முதலாளி வீட்டு முன்வாசலில் போய் நின்றாள்.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வீடே படுத்திருந்த நேரம். தெருவில் நாய்கூட இல்லை. தறி ஓடாத குமாரபாளையம் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அம்மா நகம் இல்லாத அந்த விரலால் பொத்தானை அழுத்தினாள்.

இத்தனை நாள் தறிச் சத்தத்தின் முதுகில் ஏறிவந்து கொண்டிருந்த அந்தக் கத்தல், இப்போது தனியாக, தடுக்க எதுவுமில்லாமல், தூங்கும் வீட்டுக்குள் பாய்ந்தது. முதலில் உள்ளே ஏதோ எவர்சில்வர் பாத்திரம் விழுந்து உருண்டது. பிள்ளைகளில் ஒன்று அழுதது. "அய்யோ, என்னங்க, என்னங்க அது" என்று ஒரு குரல். "ஷாக் அடிச்சிருச்சா? மெயினப் பாரு!" என்று இன்னொன்று. அம்மா காத்திருந்தாள். கதவு திறக்கவில்லை என்று இன்னொரு முறை அழுத்தினாள், ஒரம்பரை அழுத்துவது போல.

சரஸ்வதியம்மா தலைமுடி அவிழ்ந்த நிலையில் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"பட்டறை கூட்டியாச்சுங்க்கா. சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றாள் அம்மா.

"அதுக்கு... அதுக்கு நீ பெல் அடிக்கோணுமா?"

"தூங்கிட்டிருப்பீங்க, கூப்புட்டா கேக்காதுன்னுதானுங்க."

"எளவு, என்ன சத்தம் இது! பெல்லு கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க்கா. தெனமும் அடிக்கறதுதானுங்க. எங்கூட்டுக்கு இப்படித்தானுங்க கேக்குது."

முதலாளிக்கு அப்போதுதான் விளங்கியது. சத்தம் அல்ல; தன் முன்வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது. முகம் சிவந்தது. "முன்வாசல்ல வந்து பெல் அடிக்கற அளவுக்கு ஆயிப்போச்சா உனக்கு? காத்தால ஷிப்டு முடிச்சுப்போட்டு ஊட்டக் காலி பண்ணிப்போடு" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றாள் அம்மா. "மெயின எறக்கிப்போட்டுப் போறனுங்க."

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். எங்கே போவோம் என்று கேட்டேன். பள்ளிபாளையத்தில் பட்டறைக்கா பஞ்சம் என்றாள். பள்ளிக்கூடம் மாற வேண்டும், அப்பா வந்தால் எங்கே வந்து தேடுவார், எதையும் அவள் சொல்லவில்லை. "யூனிபாரம் மேல இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, என் பாவாடையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பெட்டியை மூடினாள். பிறகு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள். இரவு ஷிப்டுக்குத் தறி ஓடத் தொடங்குமுன், பின்சுவரருகே பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். முதலாளி ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார், கையில் டெஸ்டர். வாசலிலிருந்து பொத்தானை யாரோ அழுத்தினார்கள். குருவி கத்தியது, திருகினார், மறுபடி கத்தியது, முன்னைவிடச் சின்னதாக. "இன்னுங் கொஞ்சம் கொறைங்க" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தது சரஸ்வதியம்மாதான். அம்மா கேட்டதும் இதைத்தான்.

விடிந்ததும் நான் பட்டறை வாசலில் போய் நின்றேன். எட்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது கொஞ்ச நேரம் தறிகளை நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் முதலாளி உள்ளே வந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோல, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பெல்லுச் சத்தத்தக் கொறச்சு வெச்சிருக்குது. ஜாஸ்தியா வெச்சா ஸ்பீக்கரு சுருக்காப் போயிருமாமா. வயர்மேன் சொல்லிப்போட்டான். அதுக்குத்தான் கொறச்சது. வேற ஒண்ணுமில்ல."

வயர்மேன் வரவில்லை என்று லைன் முழுவதற்கும் தெரியும். ஒரு தறிக்காரி தூங்குவதற்காகச் சத்தத்தைக் குறைத்தேன் என்று சொல்ல அவர் நாக்குக்கு வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் ஆயுசுக்காகக் குறைத்தேன் என்று சொல்வதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தப் பெட்டிக்கு வலிக்கும் என்றால் அவருக்குப் புரிகிறது.

அம்மா முந்தானையால் முகத்துப் பஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஆமாங்க மொதலாளி. பாவம் ஸ்பீக்கரு. எத்தன நாளைக்குத்தான் தாங்கும்."

மாரப்பண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "ம், தறிய ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வீட்டைக் காலி செய்வதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நாலு தறியை ஒரு இழை வீணாகாமல் ஓட்டுகிற ஆளை அனுப்பிவிட்டு என்ன செய்வது என்பது அவருக்கும் தெரியும். அம்மா பெட்டியைத் திறக்கக்கூட இல்லை; வந்தாள், அதன் பக்கத்திலேயே பாயை விரித்தாள், படுத்தாள். நான் யூனிபாரத்தை நானே எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குறைத்த பெல் தறிச் சத்தத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் கேட்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பால்காரர் அழுத்திவிட்டு நிற்பார், நிற்பார், பிறகு "பாலுங்கோ" என்று பழையபடி கத்துவார். ஒரம்பரை கேட்டைத் தட்டினார்கள். ஆனால் ஸ்பீக்கர் போய்விடும் என்று ஊரறியச் சொன்னவர் மறுபடி எந்த வாயால் கூட்டுவார்? தன் பொய்க்குத் தானே காவல் இருந்தார். பெல் இருக்கிறது என்று சொல்ல மட்டும் ஒரு பெல் சுவரில் இருந்தது. அது முதலிலிருந்தே அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சுவர் இல்லை. நாடாத் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் ஒரு மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். லைன் வீடுகள் இருந்த சுவடுகூடத் தெரியாது. இதற்காக யாராவது பெருமூச்சு விட்டால் நான் கூட விடுவதாக இல்லை. அந்தச் சந்து போனது நல்லது. எனக்கு இப்போது திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அம்மா என்னோடு இருக்கிறாள். காது மந்தம், பக்கத்தில் போய்ச் சொன்னால்தான் கேட்கும்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்க்காரர்களின் கைப்பேசிக் குழுவில் முதலாளியின் மூத்த மகன் குமரேசன் ஒரு நீண்ட பதிவு போட்டிருந்தார். தெருவிலேயே முதல் காலிங் பெல் தங்கள் வீட்டில்தான் என்றும், அந்தக் குருவிச் சத்தம் கேட்டால் லைன் வீட்டு ஜனங்கள்கூட முகம் மலர்வார்கள் என்றும், எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்த அந்தக் காலம் இனி வருமா என்றும் உருகியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள், கண்ணீர் விடும் முகங்கள். பழனியக்காவின் மகன் இதயம் போட்டிருந்தான். நான் அதை அம்மாவின் காதருகே போய் உரக்க வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"ராத்திரி தூங்கினவனுக்கு அது குருவிதான் சாமி. அவன் பொய் சொல்லல."

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல் துலக்குவதற்கு முன்பே, அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து மாற்றாமல் குழுவில் எழுதினேன். அடியில் அம்மாவின் பெயரைப் போட்டேன்: பாவாயி, இரவு ஷிப்டு.